மருந்து போடாத குழி

1

இவை என்னுடையவை இல்லை.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் அவள் மனதில் ஓடியது இவ்வளவுதான். பக்கத்து மேசையில் யாரோ தும்மினார்கள். அவள் "ம்" என்றாள், எதற்கென்று தெரியாமல். குடுவையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்து. அவள் ஒட்டிய சீட்டு. அவள் திருகிய மூடி. உள்ளே நீந்துவது மட்டும் வேறு யாரோ.

யாரிடமும் சொல்லாத இந்த நினைப்பு எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இந்தக் கதையில் யாரையும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், என்னையும் சேர்த்து.

அவள் என் நாத்தனார். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். உயிர்வேதியியல் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை. ஆண்டுக்கொரு முறை நீட்டித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கதை பிறந்தது அவளுடைய ஆய்வகத்தில் அல்ல, என் சமையலறையில். ஒரு மாலை அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தேன். பாதி போதும் என்றாள். மீதியை, எல்லா வீட்டிலும் செய்வதுபோல, பாத்திரத்திலேயே திரும்ப ஊற்றினேன்.

"ஐயோ அண்ணி! ஊத்தினதைத் திரும்ப ஊத்தாதீங்க!"

அந்த வீட்டில் அவள் குரல் அதற்கு முன் அவ்வளவு உயர்ந்ததில்லை. கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, பால்ல பல்லி கில்லி விழுந்துடுச்சா?"

"நீ போண்ணா" என்றாள். பிறகு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாலில் ஆடை கட்டும்வரை நின்றாள். நானும் நின்றேன். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் நகரத் தோன்றாது. அதைப் பரிவு என்று சொல்லிக்கொள்வோம்.

"திரும்ப ஊத்தியிருக்காங்க" என்றாள், என்னிடம் இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'லீஷ்மேனியா என்பது மணல் ஈயின் கடியால் மனிதருக்குப் பரவும் ஓர் ஒட்டுண்ணி, இது மண்ணீரலையும் கல்லீரலையும்' (பாடப்புத்தகம். விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: 'ஆய்வகச் சன்னல் கண்ணாடியில் மழை' (மழை பெய்யவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றாதபோதெல்லாம் மழை பெய்யும்.)

மூன்றாவதை அவளே கொடுத்தாள், சாப்பிட்டுக்கொண்டே:

"நம்ம ரத்தத்துல வெள்ளணு இருக்குல்ல அண்ணி, அது போலீஸ் மாதிரி. கிருமியைப் பிடிச்சு முழுங்கி உள்ளேயே வெச்சுக் கொளுத்திடும். இந்த லீஷ்மேனியா இருக்கே, அது பிடிபடறதுக்குன்னே வரும். முழுங்கினதும் உள்ளே போய்ப் பாயை விரிச்சுப் படுத்துக்கும். போலீஸ்காரர் வீட்டு மாடியிலேயே வாடகைக்கு வந்த திருடன்."

"வாடகை ஒழுங்கா குடுக்குதா?"

"உங்க மாடியில இருக்கறவளைச் சொல்றீங்களா?"

சிரித்தோம். அந்தத் திருடனுக்கு ஏன் தீப்பிடிப்பதில்லை என்பதுதான் அவளுடைய வேலை.*

* அந்த ஒட்டுண்ணியிடம் ஒரு நொதி இருக்கிறது. தீயணைப்பு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளணு கொளுத்தக் கொளுத்த அது அணைத்துக்கொண்டே இருக்கும். அதே நொதி மனித உடலில் இல்லை. ஆகவே அந்த வண்டியின் சக்கரத்தில் மட்டும் கட்டையைப் போடுகிற ஒரு மருந்து கிடைத்தால், திருடன் எரிவான், வீடு எரியாது. அவளும் அவளுடைய தலைவரும் அப்படியொரு கட்டையைத்தான் தேடினார்கள். வெண்மையான ஒரு பொடி. பெயர் கிடையாது, எண் மட்டும்.

குடுவையில் அவள் வளர்த்த ஒட்டுண்ணி ஒரு பெண்ணின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்தது. வயிறு வீங்கி, பழைய மருந்துகள் ஒன்றும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்த பெண். அவளுக்கும் எண்தான். பிழைத்தாளா என்பது என் நாத்தனாருக்குத் தெரியாது. கேட்டால், "கேட்டிருக்கணும்" என்பாள்.

3

நான் எழுதிய முதல் பிரதியில் வில்லன் கொசுக்காரர்.

ஆய்வகத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் ஆராய்வது கொசுவை அல்ல என்று அவர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். பூச்சிகளின் குடலில் வாழ்கிற ஒரு நுண்ணுயிரை அவர் வளர்க்கிறார். லீஷ்மேனியாவுக்கு ஒன்றுவிட்ட உறவு; மனிதரை ஒன்றும் செய்யாது. வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும். படபடவென்று பெருகும். லீஷ்மேனியா நூல் நூற்கிற கதிர்போல நீளம். இது கொஞ்சம் குட்டை, கொஞ்சம் உருண்டை. தெரிந்த கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் சந்தேகப்பட்டுப் பார்த்தால்.

இருவர் குடுவைகளும் ஒரே அறையில். இருவருக்கும் ஒரே வளர்ப்புக் கரைசல்.

என் பிரதியில் கொசுக்காரர் மெல்லிய மீசை வைத்திருந்தார். அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். பேனாவை இரவல் வாங்கித் திருப்பித் தர மாட்டார். அவளுடைய திறமை அவரை உறுத்தியது. அவள் காய்ச்சலில் படுத்த வாரம், யாரும் இல்லாத அறையில், அவர் மெல்லத் தன் குடுவையைத் திறந்து

இங்கேதான் நிறுத்தினேன். அவளிடம் படிக்கக் கொடுத்தேன். மாடிப் படியில் உட்கார்ந்து படித்தாள்.

"அவருக்கு மீசையே கிடையாது அண்ணி."

"கதைக்காக வெச்சேன்."

"பேனா வாங்கறது நான். அவர்கிட்ட."

"நீதானே அவர் மேல சந்தேகம்னு சொன்னே?"

"சொன்னேன்." காகிதத்தை மடித்தாள். "ஒரு நாள் பூரா அந்த மனுஷனைத் திருடனைப் பார்க்கற மாதிரி பார்த்தேன். பாவம், 'என்ன மேடம், சட்டையில சாம்பார் கொட்டியிருக்கா?'ன்னு கண்ணாடியில போய்ப் பார்த்துட்டு வந்தார்."

(மீசையை எடுத்துவிட்டேன். ஆனால் மீசை இல்லாமலும் அவர் எனக்குச் சந்தேகமாகத்தான் தெரிகிறார். ஒருவரை ஒருமுறை அப்படி எழுதிவிட்டால் பிறகு அவர் சும்மா நடந்து வந்தாலும் எதற்கோ வருகிறார்.)

4

அவளுக்கு எப்போது சந்தேகம் வந்தது என்பதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். முதல் பிரதியில் இதைத் தாவிவிட்டேன், வில்லன் கிடைத்த அவசரத்தில்.

காய்ச்சல் தீர்ந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அதுவரை அந்த வெள்ளைப் பொடி ஏனோதானோவென்று வேலை செய்துகொண்டிருந்தது. கொஞ்சம் சாகும், கொஞ்சம் பிழைக்கும். திரும்பி வந்தபின் போட்ட முதல் சோதனையிலேயே அள்ளிக்கொண்டு போயிற்று. மருந்தைக் கூட்டக் கூட்ட ஒட்டுண்ணிகள் விழுந்தன. புள்ளிகளை இணைத்தால் கோடு சறுக்குமரம் மாதிரி வழுக்கி இறங்கியது. தலைவர் அதைத் தன் அறையின் கண்ணாடிக் கதவில் ஒட்டிக்கொண்டார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினார். மருந்துக் கம்பெனிக்காரர்களை வரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அவர்கள் வந்து பார்த்துச் சரி என்றால், அந்தப் பொடி எலிக்குப் போகும், பிறகு மனிதருக்கு. அவளுடைய வேலையும் நீளும்.

இவ்வளவு அழகான கோட்டைப் பார்த்து அவள் ஏன் பயந்தாள்? நான் கேட்டேன்.

"நம்ம வீட்டுப் பிள்ளை திடீர்னு சொன்ன பேச்செல்லாம் கேட்டா பயமா இருக்காதா அண்ணி?"

அடுத்தது வெள்ளணுச் சோதனை. ஒரு பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் வெள்ளணுக்கள், அவற்றின்மேல் ஒட்டுண்ணி. பாதிக் குழிகளில் மருந்து. மீதியில் மருந்து கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விடுவார்கள். சில நாள் கழித்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருந்து போட்ட குழிகளைப் பார்த்தாள். வெள்ளணுக்களுக்குள் ஓர் ஒட்டுண்ணிகூட இல்லை. துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கைதட்டியிருக்கலாம். தட்டை நகர்த்தி மருந்து போடாத குழியைப் பார்த்தாள்.

அங்கேயும் இல்லை.

அடுத்ததிலும் இல்லை.

மருந்தே கொடுக்காதவர்களும் குணமாகிவிட்ட ஆஸ்பத்திரி. அப்படியென்றால் அங்கே நோயாளி யாரும் சேரவே இல்லை என்று அர்த்தம். லீஷ்மேனியா வெள்ளணுவுக்குள் பாய் விரிக்கும். அந்தப் பூச்சிக்குடல் உறவுக்காரனுக்கு அது தெரியாது. மனித உடலின் சூட்டில், வெள்ளணு முழுங்கினால், செத்துப்போவான். மருந்து தேவையில்லை.

அதன்பிறகுதான் மூலக் குடுவையை எடுத்துக் கண்ணை வைத்தாள். இந்தக் கதையின் முதல் வாக்கியம் அங்கே அவளுக்குத் தோன்றியது. அல்லது எனக்குத் தோன்றியது.*

* அவள் சொன்னது, "பார்த்ததும் பகீர்னு ஆயிடுச்சு" என்று மட்டும்தான். 'இவை என்னுடையவை இல்லை' என்று சுருக்கமாக, அழகாக நினைத்தது நான். அவள் குடுவையில் யாரோ ஊற்றியதுபோல் நான் அவள் தலைக்குள் ஊற்றியிருக்கிறேன். எது அவள், எது நான் என்று பிரிக்க இனி எனக்கே தெரியவில்லை. என்னுடையது வேகமாக வளர்கிற இனம்.

5

பால் ஆற்றிய மாலைக்கு மறுநாள் அவள் கொசுக்காரரிடம் நேராகக் கேட்டாள்.

"நான் லீவுல இருந்தப்ப என் குடுவைக்கெல்லாம் மீடியம் மாத்தச் சொல்லியிருந்தேனே. மீந்ததைத் திரும்ப பாட்டில்லேயே ஊத்திட்டீங்களா?"

இது அந்தத் தொழிலில் செய்யக் கூடாத காரியம். பாட்டிலிலிருந்து மீடியத்தை, அதாவது வளர்ப்புக் கரைசலை, ஒரு சின்னக் குழாயில் எடுப்பார்கள், குடுவையில் விடுவார்கள். மீந்தால் கொட்டிவிட வேண்டும். குடுவையைத் தொட்டு வந்த ஒரு சொட்டு பாட்டிலுக்குள் போனால், பிறகு அந்தப் பாட்டிலிலிருந்து சாப்பிடுகிற எல்லாக் குடுவைக்கும் அது பரிமாறப்படும். வேகமாக வளர்கிறவன் ஒருவன் உள்ளே நுழைந்தால் போதும். வீட்டுக்காரனைத் துரத்திவிட்டு அவன் பெயர்ப்பலகையிலேயே வாழ்வான்.

கொசுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன மேடம், என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க வீட்ல தோசை மாவைக்கூட நான் திரும்ப ஊத்த மாட்டேன். என் பொண்டாட்டியைக் கேளுங்க, தினம் சண்டை."

"அப்ப யாரு?"

"எனக்கென்ன தெரியும். அன்னிக்கு நான் வரலையே. சார்தான் 'நீ வீட்ல இரு, ரெண்டு பேர் குடுவையும் நானே பார்த்துக்கறேன்'னாரு. அவருக்கு ரொம்ப நாளா கை அரிச்சுதாம், வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு மேசையில உட்காரணும்னு."

அவருடைய சட்டைப்பையில் அவளுடைய பேனா இருந்தது. இல்லை, அவருடைய பேனாதான். (இந்தச் சந்தேகத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

6

தலைவரை நான் கெட்டவராக எழுதக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். ஒரு மீசை போதும். அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் சங்கடமே.

"வாம்மா, உட்காரு. காய்ச்சலெல்லாம் போயே போச்சா?"

"போச்சு சார். சார், நான் லீவுல இருந்தப்ப மீடியம் மாத்தினது..."

"நானேதான்!" முகம் மலர்ந்தது. "எவ்ளோ வருஷம் ஆச்சு தெரியுமா, மேசையில உட்கார்ந்து. கை மறக்கலைம்மா. முதல்ல கொசுக்காரனோடது, அப்புறம் உன்னோடது. ஒரு சொட்டு வீணாக்கலை. இப்பல்லாம் நீங்க மீந்ததையெல்லாம் அப்படியே தூக்கிக் கொட்டறீங்க, பார்த்தா எனக்கு வயிறு எரியுது."

அவள் கைகளை மடியில் வைத்திருந்தாள். மேசைமேல், காகிதம் பறக்காமல் வைக்கிற ஒரு கண்ணாடிக் குண்டு. அதற்குள் ஒரு வெள்ளிப் பூ. கதவில் அந்தச் சறுக்குமரம், உள்பக்கத்திலிருந்து பார்க்கக் காகிதத்தின் முதுகு மட்டும்.

"மருந்து போடாத குழியும் காலியா இருக்கு சார்."

"வெள்ளணு சரியில்லாம இருந்திருக்கும். திரும்பப் போடு."

"ரெண்டு தடவை போட்டேன் சார். குடுவையில இருக்கறது லீஷ்மேனியா இல்லேன்னு நினைக்கறேன். டி.என்.ஏ. பார்த்துட்டா தெரிஞ்சிடும். ஒரு நாள் வேலை."

எனக்கு அவள் சொன்னதில் இந்த இடம்தான் மிகவும் பயமாக இருந்தது: அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் நல்ல விஞ்ஞானி. சொன்ன அரை நிமிஷத்தில் பாட்டில், குழாய், சொட்டு எல்லாவற்றையும் அவர் கண்முன் பார்த்துவிட்டார். பார்த்ததை முகத்திலிருந்து எடுத்து மடித்து எங்கேயோ வைத்தார்.

"இங்க பாரும்மா. கம்பெனிக்காரங்க அடுத்த வாரம் வராங்க. வந்துட்டுப் போகட்டும். அப்புறம் பாரு, தாராளமா பாரு. நானே கூட உட்கார்ந்து பார்க்கறேன்."

"அவங்க கேட்பாங்களே சார், இது அந்தப் பேஷண்ட்கிட்ட எடுத்ததுதானான்னு."

"ஆமான்னு சொல்லு. குடுவையில என்ன எழுதியிருக்கோ அதைத்தானே சொல்றே. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. பார்க்காத ஒண்ணைப் பத்தி நீ எப்படிம்மா பொய் சொல்ல முடியும்? அதுவரைக்கும் பார்க்காதே. அவ்ளோதான் கேட்கறேன்."

பிறகு, அவள் எழுந்தபோது: "உன் நீட்டிப்பும் அந்தக் கூட்டத்துலதான் வருது. மிரட்டறதுக்குச் சொல்லலை. உன் நல்லதுக்குச் சொல்றேன். யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

7

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) அவள் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். உறைகுளிரில் வைத்திருந்த பழைய மாதிரியை எடுத்து, உண்மையான லீஷ்மேனியாவை மறுபடி வளர்த்து, பொடியைப் போட்டால் அதுவும் சாகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். (வாசகருக்குப் பிடிக்கும். எனக்கும். அதனால்தான் சந்தேகம்.)

ஆ) அதுவே, ஆனால் பொடி ஒன்றும் செய்வதில்லை. அத்தனை வருட உழைப்பும் ஒரு பூச்சிக்குடல் பிராணியைக் கொன்றதோடு சரி. அவளுக்கு வேலை போகிறது. (இது எழுத எளிது. சோகம் எப்போதுமே எழுத எளிது.)

இ) அவள் "ஆமாம்" என்று சொல்லிவிடுகிறாள். பொடி எலிக்குப் போகிறது, மனிதருக்குப் போகிறது. எங்கோ ஒரு பெண் வீங்கிய வயிற்றோடு அதை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் அவளுக்காக

(முடிக்க முடியவில்லை.)

மூன்றையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமா என்ன ஆச்சுன்னு சொல்லிடு. மருந்து வேலை செஞ்சுதா, இல்லையா? அதை வெச்சு முடிச்சுடறேன்."

"எதுக்கு அண்ணி?"

"கதை முடியணும்ல."

ஒரு தலையணை உறையை உதறி, நான்காக மடித்தாள். "வேலை செஞ்சுதுன்னு எழுதினா, 'பாரு, நேர்மையா இருந்தா, ஜெயிச்சா'ம்பாங்க. இல்லேன்னு எழுதினா 'நல்லவேளை, தடுத்துட்டா'ம்பாங்க. நான் அன்னிக்கு அந்த ரூம் வாசல்ல நின்னப்ப எனக்கு ரெண்டும் தெரியாது. தெரியாமதான் நின்னேன்."

"பார்க்காதேன்னு சொன்ன மனுஷன் மேல அவ்ளோ கோபப்பட்டே. இப்ப நீயே என்னைப் பார்க்க விட மாட்டேங்கறே."

சிரித்தாள். கதவைத் திறந்துவிட்டு என்னை வெளியே அனுப்பும் சிரிப்பு அது. "எழுத விட மாட்டேங்கறேன், அவ்ளோதான். கீழே போங்க, அண்ணன் சாப்பிடக் காத்துட்டு இருக்கும்."

ஆகவே அ, ஆ, இ மூன்றும் உங்களிடமே இருக்கட்டும். எதைத் தேர்ந்தாலும் அதைத் தேர்ந்தவரையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். எனக்கு மிச்சமிருப்பது மறுநாள் காலை மட்டும்.

8

மறுநாள் காலை அவள் தலைவரின் அறைக்குள் போகவில்லை. வாசலில் நின்றாள். கதவு திறந்திருந்ததால் அந்தச் சறுக்குமரம் அவள் தோளருகே இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. யோசிச்சியா?"

அவள் கோட்டுப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குழாய் இருந்தது. அதில் குடுவையிலிருந்து எடுத்த கொஞ்சம், கலங்கலாக. அதை வெளியே எடுத்து உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார். அவளும் அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

(இங்கே அவளுக்கு ஒரு நீளமான பேச்சு எழுதியிருந்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி, அறிவியலைப் பற்றி, வீணாகாத ஒரு சொட்டைப் பற்றி. நன்றாகவே வந்திருந்தது. படித்துவிட்டு அவள் பேனாவைக் கேட்டாள். என் பேனாதான். முழுப் பத்தியையும் அடித்துவிட்டு, ஓரத்தில் தான் சொன்னதை எழுதிக் கொடுத்தாள்.)

"ஒரு வாரம்தானேம்மா" என்றார் தலைவர்.

"இல்ல சார்" என்றாள் அவள். "நான் பார்த்துடறேன்."